யாருடைய கடன்?
முதலாளித்துவ வரலாறு எழுப்பும் ஓர் ஒழுக்கவியல் வினா

பிரித்தானியப் பாராளுமன்றம் 1833 ஆம் ஆண்டில் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. மனித குலத்தின் ஒழுக்க வளர்ச்சியில் அது ஒரு மைல்கல் எனப் பாடநூல்கள் பகர்கின்றன. அதனை மறுப்பதற்கில்லை. ஆயின் அச்சட்டத்தின் மற்றொரு கூறு பாடநூல்களில் அருகியே இடம்பெறுகின்றது. அச்சட்டம் இரண்டு கோடி பவுண் நட்டஈடு வழங்கியது. அக்காலப் பிரித்தானிய அரசாங்கத்தின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ 40 வீதத்துக்குச் சமமான தொகை அது. அத்தொகை வழங்கப்பட்டது அடிமைகளுக்கன்று, அடிமைகளின் சொந்தக்காரருக்கு. விடுதலை பெற்ற எட்டு இலட்சம் மக்களுக்கு ஒரு பவுணேனும் கிடைக்கவில்லை. மாறாக, அவர்களுட் பெரும்பாலோர் 'பயிலுநர்' என்ற புதுப்பெயருடன் 1838 வரை பழைய எசமானருக்கே ஊதியமின்றி உழைக்கக் கட்டுப்பட்டனர்.

இத்தொகையின் பெரும்பகுதி கடனாகத் திரட்டப்பட்டது. பிற்காலங்களில் வேறு கடன்களோடு இணைக்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டு வந்த அக்கடன், 2015 ஆம் ஆண்டு வரை முற்றாகத் தீர்க்கப்படவில்லை எனப் பிரித்தானியத் திறைசேரி 2018 இல் வெளிப்படையாகக் கூறியது. இதன் பொருளைச் சற்றே சிந்தித்தல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பிரித்தானியாவிற் குடியேறிய மேற்கிந்தியத் தீவு மக்களும் அவர்தம் பிள்ளைகளும் அந்நாட்டிற் வரி செலுத்தினர். தம் மூதாதையரை உடைமையாக வைத்திருந்தோருக்கு அளிக்கப்பட்ட நட்டஈட்டின் கடனை, அடிமைகளின் வழித்தோன்றல்களும் சேர்ந்தே தீர்த்தனர் என்பதே அதன் பொருள்.

நூற்றெண்பது ஆண்டுகள் கழிந்தும் ஒரு கடன் மறக்கப்படவில்லை. அதே ஆண்டுகளில் மற்றொரு கடன் கடனென்றே எண்ணப்படவில்லை. ஏன்? முதலாளித்துவத்தின் உலக வரலாறு முழுவதையும் ஒரு கட்டுரையில் அடக்க முயல்வது பேதைமையாகும். அவ்வரலாறு எழுப்பும் ஒரேயொரு வினாவையே ஈண்டு ஆராய முற்படுகின்றேன்: இறந்துபோனோர் இழைத்த அநீதியினாற் சேர்ந்த செல்வத்தை இன்று அனுபவிப்போர், அதன்பொருட்டு யாருக்கேனும் கடமைப்பட்டவரா?

மூலதனத்தின் பிறப்பு

முதலாளித்துவத்தின் தோற்றம் பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. சிக்கனமும் கடின உழைப்பும் சமயக் கடமையாகக் கொள்ளப்பட்ட மனப்பாங்கினை மக்ஸ் வெபர் சுட்டினார். நாட்டுப்புற உழவர் நிலத்தினின்றும் பெயர்க்கப்பட்டமையையும், குடியேற்ற நாடுகளின் கொள்ளையையும், அடிமை வாணிபத்தையும் 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' நூலின் இறுதிப் பகுதியிற் கார்ல் மாக்ஸ் விரித்துரைத்தார். 1944 இல் 'முதலாளித்துவமும் அடிமை முறையும்' என்னும் நூலை வெளியிட்ட எரிக் வில்லியம்ஸ், பிரித்தானியக் கைத்தொழிற் புரட்சிக்கு அடிமை வாணிபத்தின் இலாபம் உரமாயிற்று என வாதிட்டார். பிற்காலத்தில் திரினிடாட் நாட்டின் பிரதமராகவும் விளங்கியவர் இவர். அவ்விலாபத்தின் அளவு மிகைப்படுத்தப்பட்டுள்ளதென மறுத்தோரும் உளர். 2000 ஆம் ஆண்டில் கெனத் பொமரான்ஸ், இங்கிலாந்தின் நிலக்கரியும் அமெரிக்கக் கண்டத்து நிலங்களுமே மேற்கு ஐரோப்பாவைச் சீனாவினின்றும் வேறான பாதையிற் செலுத்தின என்று எழுதினார்.

இவ்விவாதம் இன்னும் முடியவில்லை. எமது வினாவுக்கு அது முடிய வேண்டிய அவசியமுமில்லை. முதலாளித்துவம் முழுவதும் அடிமை உழைப்பினால் மட்டுமே உருவானது என நிறுவினாலன்றிக் கடன் இல்லை எனக் கொள்வது தவறு. ஒருவரின் செல்வத்திற் பத்தில் ஒரு பங்கு பிறரிடமிருந்து பறித்ததாயின், அப்பத்தில் ஒரு பங்குக்கு அவர் கடன்காரரே. மறுக்கவியலாத உண்மைகள் சில உள. ஏறத்தாழ ஒரு கோடியே இருபத்தைந்து இலட்சம் ஆபிரிக்கர் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கக் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ பதினெட்டு இலட்சம் பேர் கரை காணவில்லை. லங்காஷயர் ஆலைகளில் நூற்கப்பட்ட பருத்தியின் பெரும்பகுதி, 1861 இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கும்வரை, அடிமைகளாற் பறிக்கப்பட்டது. தம் தாய்நாட்டில் எவருக்கும் அடிமைப்படாத மான்செஸ்ரர் தொழிலாளியின் கூலியிலும், ஆலை முதலாளியின் இலாபத்திலும், லண்டன் காப்புறுதிக்காரனின் தரகிலும் அவ்வடிமைகளின் உழைப்பு கலந்திருந்தது.

மூன்று மறுப்புகள்

கடனேதும் இல்லை என்போர் பொதுவாக மூன்று நியாயங்களை முன்வைப்பர். அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது நியாயம்: அச்செயல்கள் அக்காலச் சட்டத்துக்கு உடன்பாடானவை, இன்றைய ஒழுக்கத்தைக் கொண்டு அன்றைய மனிதரை அளத்தல் முறையன்று.

1781 இல் 'சொங்' என்னும் அடிமைக் கப்பலின் மாலுமிகள், குடிநீர் போதாதெனக் கூறி, நூற்று முப்பதுக்கு மேற்பட்ட ஆபிரிக்கரைக் கடலில் வீசினர். கப்பலின் சொந்தக்காரர் 'இழந்த சரக்கு'க்குக் காப்புறுதிப் பணம் கோரி வழக்குத் தொடுத்தனர். முதலாம் விசாரணையில் தீர்ப்பு அவர்கள் பக்கமே அமைந்தது. 1783 இல் மறுவிசாரணைக்கு இடமளிக்கப்பட்டதாயினும் கொலைக்குற்றம் எவர் மீதும் சாட்டப்படவில்லை. ஆகவே அக்காலச் சட்டம் அவ்வாறிருந்தது என்பது உண்மையே. ஆயின் 'அக்கால ஒழுக்கம்' என்று நாம் கூறுமிடத்து யாருடைய ஒழுக்கத்தைக் கருதுகின்றோம்? 1791 இல் ஹெயிற்றித் தீவிற் கிளர்ந்தெழுந்த அடிமைகளும் அக்காலத்து மனிதரே. 1831 இன் இறுதியில் யமேக்காவிற் சாமுவேல் சார்ப்பின் தலைமையில் எழுந்த பல்லாயிரவரும் அக்காலத்து மனிதரே. அடிமை முறை அநீதியானது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அவ்வறிவுக்காக உயிரும் கொடுத்தனர். அவர்களை எண்ணிக்கையிற் சேர்க்காது விடுத்தாலன்றி 'அக்காலத்தில் எவரும் அதனைத் தவறெனக் கருதவில்லை' என்று கூற இயலாது. இந்நியாயம், அடிமை முறை செய்த அதே பிழையை மீண்டும் செய்கின்றது: அடிமையை மனிதனாக எண்ண மறுக்கின்றது.

இரண்டாவது நியாயம்: முதலாளித்துவம் ஈற்றில் யாவருக்கும் நன்மை பயத்தது. நோய்கள் குறைந்தன, ஆயுள் நீண்டது, பண்டங்கள் மலிந்தன. அன்றைய துன்பம் இன்றைய நன்மைக்குக் கொடுத்த விலை.

இந்நன்மைகளை இகழ்ந்து பேசுவது நேர்மையாகாது. மின்விளக்கின் கீழிருந்து, அச்சிட்ட நூலைக் கையிலேந்தி, மருத்துவத்தாற் பிழைத்த உடலோடு இவற்றை எழுதுகின்றேன். ஆயினும் ஓர் உவமையை நோக்குக. ஒருவன் அயலானின் விதைநெல்லைக் கவர்ந்து விதைக்கின்றான். அமோக விளைச்சல். ஊர் முழுவதற்கும் சோறிடுகின்றான். ஊரார் பசியாறினர் என்பதனால், விதைநெல்லை இழந்து பட்டினி கிடந்த அயலானுக்கு அவன் பட்ட கடன் தீர்ந்துவிடுமா? 'விலை' என்ற சொல்லையே இங்கு நாம் ஐயுற வேண்டும். விலை என்பது பொருளைப் பெறுபவன் கொடுப்பது. ஒருவன் பெற மற்றொருவன் கொடுத்தால் அதற்கு விலை என்பது பெயரன்று. இந்நியாயம் உண்மையில் கடன் இல்லை என்பதை நிறுவவில்லை. கடனைத் தீர்க்கும் வசதி இன்று உண்டு என்பதையே நிறுவுகின்றது.

மூன்றாவது நியாயமே வலிமை மிக்கது: குற்றம் புரிந்தோரும் குற்றத்துக்கு ஆளானோரும் இறந்துவிட்டனர். தந்தை செய்த பிழைக்கு மகனைத் தண்டிப்பது அநீதி. பூட்டன் செய்த பிழைக்கு எங்ஙனம் பொறுப்பேற்பது?

குற்றமும் கடனும்

இங்கு குற்றம், கடன் என்னும் இரண்டையும் வேறுபடுத்தல் இன்றியமையாதது. குற்றம் செய்தவனோடு ஒழிவது. அது முதுசமாக இறங்குவதன்று. கடனோ அவ்வாறன்று. யாழ்ப்பாணத்தில் முதுசக் காணியை ஏற்கும் ஒருவன் அக்காணியின் மேலுள்ள ஈட்டையும் சேர்த்தே ஏற்கின்றான். 'ஈடு வைத்தவர் என் அப்பு. காணி மட்டும் எனக்கு, ஈடு அவரோடு போயிற்று' என்று அவன் வழக்காடினால் ஊர் நகைக்கும். பயனைப் பெறுதற்கு மகனாகவும், கடனைத் தீர்த்தற்கு அந்நியனாகவும் ஒருவன் இருக்க இயலாது.

முதலாளித்துவமே இந்நியதியின் மேற்றான் நிற்கின்றது. கம்பனி என்பது இறவாத மனிதன். அதன் பங்காளரும் பணிப்பாளரும் மடிந்தாலும் அதன் சொத்தும் கடனும் தொடரும். அரசும் அவ்வாறே. ஹெயிற்றியின் கதை இதற்குச் சான்று. 1804 இல் விடுதலை பெற்ற அந்நாட்டின் கடற்கரைக்கு 1825 இற் பிரான்சிய மன்னர் பத்தாம் சார்ள்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, தோட்டங்களையும் அடிமைகளையும் இழந்த பிரான்சியருக்கு 15 கோடி பிராங்க் நட்டஈடு கோரினார். அடிமைகளாயிருந்தோர் தம் சொந்த உடலின் விலையைத் தாமே செலுத்த நேர்ந்தது. 1838 இல் அத்தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. எனினும் அதனைக் கட்டுதற்கென வாங்கிய கடன்களும், அக்கடன்களை அடைக்க வாங்கிய கடன்களுமாக, கொடுப்பனவுகள் 1947 வரை நீண்டன. 1825 இல் ஒப்பமிட்டோர் எவரும் அப்போது உயிரோடில்லை. 'கடன்பட்டோர் இறந்துவிட்டனர்' என்ற நியாயத்தை எந்த வங்கியும் ஹெயிற்றி மக்களுக்கு எடுத்துரைக்கவில்லை.

தனியுடைமையின் தலைசிறந்த காவலர் என மதிக்கப்படும் மெய்யியலாளரும் இதனை மறுக்கவில்லை. தன் உழைப்பை இயற்கையோடு கலப்பவனுக்கே அப்பொருள் உரியது என ஜோன் லொக் வாதிட்டார். அடிமை வாணிபம் செய்த அரச ஆபிரிக்கக் கம்பனியில் அவரும் முதலிட்டிருந்தார் என்பது வரலாற்றின் நகை. அவரது கொள்கையை உண்மையாகவே பிரயோகித்தால், கரும்புத் தோட்டம் யாருக்குரியதாகும்? 1974 இல் றொபேட் நொசிக், உடைமை நியாயமானதாக இருப்பதற்கு அது நியாயமாக ஈட்டப்பட்டும் நியாயமாகக் கைமாற்றப்பட்டும் இருத்தல் வேண்டும் என்றார்; இவ்விரண்டும் மீறப்பட்டவிடத்து அதனைச் சீர்செய்யும் மூன்றாவது தத்துவமொன்று வேண்டும் என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். ஆக, உடைமையைப் புனிதமெனக் கொள்வோரே இக்கடனை முதலில் ஏற்க வேண்டியவராவர்.

'அவ்வாறாயின் ஆதிமனிதன் வரை கணக்குப் பார்க்க வேண்டுமே. உலகிற் கறைபடாத சொத்து எங்குண்டு?' என ஒருவர் வினவலாம். நியாயமான வினாவே. எல்லாக் கணக்கையும் பார்க்க இயலாது. ஆயின் எல்லாக் கணக்கையும் பார்க்க இயலாது என்பது எந்தக் கணக்கையும் பார்க்காதிருத்தற்குக் காரணமாகாது. பறித்த நிறுவனம் இன்றும் தொடர்கின்றதோ, பறிகொடுத்தோரின் வழியினர் அப்பறிப்பின் விளைவை இன்றும் சுமக்கின்றனரோ, அங்கே கணக்கு உயிரோடுள்ளது.

கடல் கடந்த மூலதனம்

நட்டஈட்டுப் பணம் உறங்கிக் கிடக்கவில்லை. மூலதனத்துக்கு உறக்கமில்லை. ஜோன் கிளாட்ஸ்ரன் என்னும் லிவர்பூல் வணிகர் - பிற்காலப் பிரதமர் கிளாட்ஸ்ரனின் தந்தை - 2,500 க்கு மேற்பட்ட அடிமைகளுக்காக ஓர் இலட்சம் பவுணுக்கு மேற் பெற்றார். 1838 இல் அவருடைய டெமராறாத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலில் வந்திறங்கினர். அடிமை போன இடத்தைக் கூலி நிரப்பினான்.

இலங்கையும் இவ்வலையின் ஒரு கண்ணியே. மேற்கிந்தியத் தீவுகளிற் கோப்பி உற்பத்தி வீழ்ந்தமையும், 1835 இற் பிரித்தானியச் சந்தையில் இலங்கைக் கோப்பிக்குத் தீர்வை சமப்படுத்தப்பட்டமையும் கண்டி மலைகளிற் கோப்பி பரவ வழிவகுத்தன. 1837 இல் றொபேட் போய்ட் டைட்லர் யமேக்காவிற் கற்ற பயிர்ச்செய்கை முறைகளை இங்கு கொணர்ந்தார். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதியில்லாத காட்டு நிலங்களையும் சேனை நிலங்களையும் முடிக்குரியன எனக் கொண்டது. சிங்களக் கிராமத்தவர் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய நிலம் இவ்வாறு விற்பனைப் பண்டமாயிற்று. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து தாழ்த்தப்பட்ட மக்கள் கங்காணிமார் பின்னே மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் வீழ்ந்தோர் பலர். 1869 இற் கோப்பிச் செடியை நோய் தாக்க, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. பயிர் மாறியது; லயன் மாறவில்லை.

அம்மக்கள் அடிமைகளல்லர், 'சுதந்திரமான' கூலிகள். எனினும் ஊரைவிட்டுப் புறப்படும் நாளிலேயே கடனாளியாயினர். அக்கடனைக் குறித்த 'துண்டு' தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற, அதனோடு தொழிலாளியும் கைமாறினான். 1921 இற்றான் அம்முறை ஒழிக்கப்பட்டது. கடன் இங்கும் மறக்கப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 1948 இல் இலங்கை சுதந்திரமடைந்தது. அதே ஆண்டில் அம்மக்களிற் பெரும்பாலோர் குடியுரிமையற்றவராயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையையும் இழந்தனர். 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1975 இற் கம்பனித் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்டபோது கம்பனிகளுக்கு நட்டஈடு வழங்க அரசு உடன்பட்டது. நூறாண்டுக்கு மேலாக அந்நிலத்தைப் பண்படுத்தியோருக்கு? 1833 இன் கணக்கேடே மீண்டும் விரிக்கப்பட்டது போலும்.

எமது பங்கு

இதுவரை கூறியவற்றைப் பிறர் மீது சுட்டிய விரலாக நிறுத்திக்கொள்ளுதல் எளிது. லண்டனும் பாரிசும் தொலைவிலுள்ளன. ஆயின் நேர்மையான வினா வினவுபவனையும் விட்டுவைப்பதில்லை.

நாம் கற்கும் இப்பேராதனை வளாகத்தின் எதிர்க்கரையில், கன்னொறுவையில், 1820 களில் ஆள்பதி எட்வேட் பான்ஸ் கோப்பி பயிரிட்டார். 1945 இற் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி பிறந்தது. அதன்பின் பல ஆண்டுகளாக இந்நாட்டின் ஏற்றுமதி வருவாயில் அரைவாசிக்கு மேற்பட்டதைத் தேயிலையே தேடித் தந்தது. எமக்குப் பாடசாலையும் பல்கலைக்கழகமும் தந்த செல்வத்திற் பெரும்பங்கு கொழுந்து பறித்த கைகளினூடாக வந்தது. அக்கைகளுக்குரியோரின் பிள்ளைகள் பயின்ற தோட்டப் பாடசாலைகளோ 1970 களிலேயே அரசாங்கப் பொறுப்பில் வரத் தொடங்கின. ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட காலம், இலவசக் கல்வியின் செலவைத் தாங்கியோர் அதன் வாயிலுக்கு வெளியே நின்றனர்.

இக்கட்டுரையாளனின் பூட்டனார் மலைநாட்டுத் தோட்டமொன்றில் இலிகிதராகக் கடமையாற்றியவர். செக்றோலிற் பெயர் பதிவது அவர் வேலை. கொழுந்தின் நிறை குறைந்தாற் கங்காணி சொல்ல, துரை தலையசைக்க, அவர் 'அரைப்பேர்' எழுதுவார். அன்று ஒரு பெண்ணுக்கு அரை நாட் சம்பளமே. இதனை அவர் கதையாகச் சொல்ல, என் பேத்தியார் கேட்டு எனக்குச் சொன்னார். அவர் கொடியவரல்லர், விரதம் தவறாதவர், எவரையும் கைநீட்டி அடித்ததில்லை என்பர். அவர் சேமித்த சம்பளத்தில் ஊரில் ஒரு வீடு எழுந்தது. பிள்ளைகள் ஆங்கிலம் கற்றனர். அவ்வழியே நானும் இங்கு வந்தேன். அவர் குற்றவாளியா என்பதை நான் அறியேன். தீர்ப்புக் கூறும் தகுதியும் எனக்கில்லை. ஆயின் அந்த அரைப்பேர்களின் மறுபாதி எங்கே சென்றது என்பதை நான் அறிவேன். அதன் ஒரு துளி என்னிடம் உள்ளது.

இன்னும் ஒன்று. 1833 இன் சட்டம் இலங்கைக்குப் பொருந்தவில்லை. இங்கு அடிமை முறை 1844 இலேயே முற்றாக ஒழிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் 1707 இற் தொகுக்கப்பட்ட தேசவழமையில் அடிமைகள் பற்றிய விதிகளும் உள. வெள்ளையன் வருமுன்னரும் வந்த பின்னரும் எமது நிலங்களிற் பிறர் உழைப்பு இருந்தது. எமக்கு இழைக்கப்பட்ட அநீதிகளின் கணக்கை உலகிடம் நீட்டும் ஒரு சமூகம், தான் இழைத்தவற்றின் கணக்கை மூடிவைப்பின் அதன் நீதிக்குரல் வலுவிழக்கும்.

எவ்வாறு தீர்ப்பது?

கடன் உண்டென ஏற்றபின் அதனை எவ்வாறு தீர்ப்பது என்ற வினா எழுகின்றது. கடலில் வீசப்பட்டவனுக்கு எத்தொகையும் ஈடாகாது என்பது உண்மை. ஆயின் முழுவதும் தீர்க்கவியலாத கடனிலும் ஒரு பகுதியைத் தீர்க்க முடியும். முதற்கண் கடனைக் கடனென்று பெயரிட்டு அழைத்தல் வேண்டும். கொடை, உதவி, இரக்கம் என்னும் சொற்கள் கொடுப்பவனை உயர்த்துவன. கடன் என்னும் சொல் பெறுபவனை நிமிரச் செய்வது. மலையக மக்களுக்குக் காணியும் வீடும் நல்ல பாடசாலையும் வழங்குதல் சலுகையாகப் பேசப்படும்வரை அவர்கள் கைகட்டி நிற்க வேண்டியவராவர். அவை நிலுவை என்று பேசப்படும் நாளில், கேட்பவர் உரிமையாளராகவும் கொடுப்பவர் கடன்காரராகவும் நிலைமாறுவர். அவர்களுட் கடைசித் தொகுதியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இற்றான் நிறைவேறியது. காணி உறுதியின்றி இன்றும் லயன்களில் வாழ்வோர் பெருந்தொகையினர். ஆகவே கணக்கு இன்னும் மூடப்படவில்லை.

பிதிர்க்கடன் என்பதை நம் மரபு நன்கறியும். இறந்தோர்க்கு இருப்போர் கடமைப்பட்டவர் என்பதே அதன் உட்பொருள். அதனை எம் குலத்து முன்னோர்க்கு எள்ளும் நீரும் இறைப்பதோடு நிறுத்திக்கொள்வது எதற்காக? எம்மை இந்நிலைக்கு உயர்த்திய உழைப்பெல்லாம் எம் குலத்தாரின் உழைப்பன்றே. பெயர் தெரியாத அம்முன்னோர்க்கும் நாம் கடன்பட்டுள்ளோம். அவர்களின் பிள்ளைகள் எம்மோடு உயிர் வாழ்கின்றனர் என்பதனால், அக்கடனைத் தீர்க்கும் வாய்ப்பு இன்னும் எமக்கிருக்கின்றது.